ஓசிக் காக்கா கட்டிய வீடு

எங்கள் வேனில் கால் வைக்கும்போதே அவர் சொல்லிவிடுவார்: "தம்பி, நான் ஓசி. கொஞ்சம் தள்ளி நில்லு."

காசு கொடுக்காமல் போக நினைக்கிறவர்கள் வேறு விதமாக நடந்துகொள்வார்கள். நித்திரைபோலக் கண்ணை மூடிக்கொள்வார்கள். பின்னால் வருகிறவரைக் கைகாட்டிவிட்டு இறங்கி நடந்துவிடுவார்கள். ஏறுவதற்கு முன்பே வேன் முழுக்கக் கேட்கும்படி அறிவித்துவிட்டு ஏறிய மனிதர் என் அனுபவத்தில் இவர் ஒருவர்தான்.

நானும் என் மச்சானும் சேர்ந்து கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் வேன் ஓட்டிய காலம் அது. தனியார் வேன்கள் அப்போதுதான் அந்த வீதிக்கு வந்திருந்தன. மச்சான் சாரதி. கதவடியில் நின்று காசு வாங்குவது நான். அவர் நிந்தவூரில் ஏறுவார். ஐம்பதை நெருங்கிய வயது, நெடிய உருவம், மடிப்புக் கலையாத சட்டை. அந்தச் சட்டையில் பை இருக்காது. பை வைக்காமல் தைக்கும்படி மகளிடம் சொல்லிவைத்திருந்தார். "பை இருந்தா அதுக்குள்ள என்ன கிடக்கு என்டு சனம் பாக்கும். இல்லாட்டிப் பாக்காது" என்பார்.

முதல் நாள் அவர் அப்படிச் சொல்லிக்கொண்டு ஏறியபோது எனக்குக் கோபம் வந்தது.

"ஓசி என்டா?" என்றேன், விளங்காதவன்போல.

"ஓசி என்டா ஓசிதான். விளக்கம் வேணுமென்டா போற வழியில சொல்றன்."

வேன் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. காரைதீவுக்கு இந்தப் பக்கம், இரண்டு புறமும் வயலாகக் கிடக்கும் இடத்தில் மச்சானை நிறுத்தச் சொல்லி அவரை இறக்கிவிட்டேன். ஸலாம் சொல்லி இறங்கினார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. காரைதீவில் நாங்கள் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றபோது நெல் மூட்டை ஏற்றிய டிரக்டர் ஒன்று எங்களைக் கடந்து போயிற்று. மூட்டைகளின் உச்சியில் அவர் குந்தியிருந்தார். ஊர்வலம் போகும் மாப்பிள்ளையைப்போல எங்களுக்குக் கையசைத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் அதே சந்தியில் நின்று கைகாட்டினார். "தம்பி, நான் ஓசி." ஏற்றிக்கொண்டேன்.

ஊரில் எல்லோரும் அவரை ஓசிக் காக்கா என்றுதான் சொன்னார்கள். முஸ்லிம்கள் நாங்கள் மூத்த ஆண்களைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. யாரும் சொன்னதுமில்லை. கோபித்துக்கொள்வார் என்று எண்ணி ஆரம்பத்தில் நான் வெறும் காக்கா என்று கூப்பிட்டேன். அவர்தான் திருத்தினார்: "முழுசாச் சொல்லு. ஊருல ஆயிரம் காக்கா இருக்காங்க. எந்தக் காக்கா என்டு சனத்துக்கு வெளங்கத் தேவல்லியா?"

வேலை செய்யாத மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். சூடடிக்கும் காலத்தில் வரிப்பத்தான்சேனைப் பக்கம் போய் இரண்டு ஆள் வேலையை ஓர் ஆளாகச் செய்வார். கூலியை அப்படியே கொண்டுவந்து மகளிடம் கொடுத்துவிடுவார். மனைவி மௌத்தாகி அடக்கம் செய்து நெடுநாள். வீட்டில் மகளும் அவளுடைய தையல் மெஷினும்தான். அவருடைய தேத்தண்ணி, பீடி, பேப்பர், பயணம் எல்லாம் வெளியில், ஓசியில்.

கல்முனைத் தபால் கந்தோரில் வேலை பார்த்த மெதடிஸ்தக்காரர் ஒருவர் எங்கள் வேனில் வருவார். படித்த மனிதர். அவர் ஒருநாள் அந்தச் சொல்லின் பூர்வீகத்தை எடுத்துச் சொன்னார். வெள்ளைக்காரக் கம்பனியின் ஆட்சியில் கம்பனிக் கடிதங்களுக்கு முத்திரைக் காசு இல்லையாம். அதற்கு அடையாளமாக உறையின்மேல் ஓ, சி என்று இரண்டு இங்கிலீஷ் எழுத்து அடிப்பார்களாம். அப்படிச் சும்மா போன கடிதத்திலிருந்துதான் ஓசி என்ற சொல் வந்ததாம்.

ஓசிக் காக்கா பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு மிகுந்த கவனத்தோடு கேட்டார். அந்தப் பீடியும் தபால்காரருடையதுதான்.

"அப்ப ஐயா, வெள்ளைக்காரன்தான் எங்கட மூத்த காக்கா" என்றார். "நான் ஒரு பீடி கேட்டன். அவன் ஒரு நாட்டையே ஓசியில வச்சிருந்துட்டுப் போயிருக்கான். அவனுக்கு சேர் பட்டம். எனக்கு இந்தப் பட்டம்."

தபால்காரர் சிரித்துச் சிரித்து இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனார்.

அவரைப் பொறுத்தவரை ஓசிக்கு ஒரு சட்டம் இருந்தது. சல்லி கேட்டால் அது கடன். திருப்பித் தருகிறேன் என்று பொருள் கேட்டால் இரவல். ஏழை என்று சொல்லிக் கையேந்தினால் சதக்கா. கேட்காமல் எடுத்தால் களவு. ஓசி இவை ஒன்றுமில்லை.

"அப்ப ஓசி என்டா என்ன?" என்று ஒருநாள் மச்சானே ஸ்டியரிங்கிலிருந்து திரும்பிக் கேட்டான்.

"இந்த வேன் நான் ஏறாட்டியும் போகுமா?"

"போகும்."

"அதான் ஓசி. போறதில ஏறுற. ஆறுறதில குடிக்கிற. மிஞ்சுறதில திங்கிற. ஆருக்கும் ஒண்டும் குறையப்படாது. குறைஞ்சா அது ஓசியில்ல, அநியாயம்."

இருக்கை காலியாகக் கிடந்தாலும் அவர் உட்கார்வதில்லை. அடுத்த சந்தியில் காசு கொடுக்கிறவன் ஏறுவான், அவனுடைய இடம் குறைந்துவிடும் என்பது கணக்கு.

நிந்தவூரில் நெல் மில் வைத்திருந்த முதலாளி ஒருவரின் வீட்டில் கலியாணம். எங்கள் விருந்துகளில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் குந்துவோம். அந்தப் பெரிய தட்டில் சோறும் இறைச்சியும் குவிந்திருக்கும். ஆறு பேர் சேரும்வரை யாரும் கைவைப்பதில்லை. எங்கள் சஹனில் ஐந்து பேர். கை கழுவிவிட்டுச் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறாவது ஆளைக் காணவில்லை. எங்கிருந்தோ ஓசிக் காக்கா வந்து, பிஸ்மி சொல்லி, எனக்குப் பக்கத்தில் குந்தினார்.

முதலாளி கண்டுவிட்டார். எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்: "உன்ன ஆரு அழைச்ச?"

எனக்குக் காது சுட்டது. அவருக்கு ஒன்றும் சுடவில்லை. "ஆரும் அழைக்கல்ல முதலாளி. ஓசியிலதான் வந்தன். ஆனா பாருங்க, அஞ்சு பேர் கையக் கழுவிட்டு ஆளில்லாமக் குந்தியிருக்காங்க. நான் எழும்பினா உங்கட சஹன் ஆறிப்போகும். இருக்கவா, எழும்பவா?"

முதலாளி அப்பால் போனார். சாப்பிட்டு முடிந்ததும் ஓசிக் காக்கா அவரைத் தேடிப் போய், சோறு நல்ல பதம் என்றும் இறைச்சிக்கு உப்புக் கொஞ்சம் குறைவு என்றும் சொல்லிவிட்டு வந்தார். "இதெல்லாம் சொல்லத்தான் வேணுமா?" என்று நான் பல்லைக் கடித்தேன். "அழைப்பில வந்தவன் புகழுவான். மெய் சொல்றதுக்கு ஓசியில திண்டவன்தான் வேணும்" என்றார்.

இவற்றையெல்லாம் சந்தியில் நின்று சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்தச் சொல்லை அவருடைய வீட்டுக்குள் கேட்டபோதுதான் அதன் இன்னொரு பக்கம் தெரிந்தது.

அது நோன்பு மாதம். மகளிடம் தைக்கக் கொடுத்த சட்டையை வாங்கப் போயிருந்தேன். முதலாளியின் ஆள் ஒருவன் அரிசி மூட்டையும் ஒரு சேலையும் கொண்டுவந்து வாசலில் வைத்தான். சதக்கா என்றான்.

"கொண்டு போ தம்பி" என்றார் ஓசிக் காக்கா. "இது ஏழைக்குரிய பொருள். நான் ஏழையில்ல, ஓசிக்காரன்."

அவன் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. மூட்டை திரும்பிப் போயிற்று. உள்ளே ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது. மகள் வெளியே வரவில்லை. குரல் மட்டும் வந்தது.

"வாப்பா, அத வாங்கியிருந்தா நமக்கு ஏழை என்டு ஒரு பேர் வரும். இப்ப இருக்கிற பேர் அத விட நல்லதா?"

ஓசிக் காக்கா மூட்டை போன வழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

அவளுக்கு அப்போது இருபது வயது இருக்கும். எங்கள் கரையில் பெண்ணைப் பெற்றவன்தான் வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வான். வீடில்லாத பெண்ணைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள். அவளுடைய உம்மா விட்டுப்போன மண்வீட்டை எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி தரையோடு படுக்க வைத்துவிட்டது. நிவாரணமாகக் கிடைத்த தகரங்களைச் சாய்த்துக் கட்டி, அதற்குக் கீழே மெஷினை வைத்து அவள் தைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தகரத்தை மட்டும் அவர் மறுக்கவில்லை. "இது சதக்காவும் இல்ல, ஓசியும் இல்ல. காத்து எல்லாருட்டயும் எடுத்திச்சு. இது பங்கு" என்றார்.

அந்தத் தகரம் நின்ற வளவில்தான் அவர் வீடு கட்டத் தொடங்கினார்.

சூறாவளி கரையெங்கும் வீடுகளை உடைத்துப் போட்டிருந்தது. ஆட்கள் புதிதாகக் கட்டத் தொடங்கியதும் பழைய வீட்டின் மிச்சங்கள் வளவு மூலைகளில் கிடந்தன. அவர் ஒவ்வொரு வாசலாகப் போனார். "இது உங்களுக்குத் தேவையா?" என்று கேட்டார். தேவையில்லை என்றால் தூக்கினார். அக்கரைப்பற்றில் ஒரு முன்கதவு கிடைத்தது. எங்கள் வேனின் கூரையில் கட்டி நாங்கள்தான் கொண்டுவந்தோம். அது பெரிய மனிதர் ஒருவரின் வீட்டுக் கதவு, ஆளைவிட உயரம். அதற்காகச் சுவரை உயர்த்தினார். வீட்டுக்குக் கதவு போடுவதுதான் உலக வழக்கம். அவர் கதவுக்கு வீடு கட்டினார். ஒரு யன்னல் நீலம், ஒன்று பச்சை, ஒன்றுக்குச் சாயமே இல்லை. சீமெந்துப் பைகளின் அடியில் மிஞ்சியதையெல்லாம் சட்டியில் வாங்கி வந்து அன்றைக்கே பூசிவிடுவார். மேசனின் கூலி மட்டும் மகள் தைத்த காசு. "ஆள்ட உழைப்ப ஓசியில கேக்கப்படாது. கேட்டா அவன்ட ஊட்டுல உலை ஏறாது" என்றார்.

இரண்டு மூன்று போகம் கழிந்து வீடு நிமிர்ந்தது. சிரித்துக்கொண்டு பார்க்க வந்தவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் திரும்பினார்கள். நல்ல வீடு.

அதன் பிறகுதான் சாய்ந்தமருதிலிருந்து சம்பந்தம் வந்தது. சவளக்கடைப் பக்கம் வயல் செய்கிற பையன். நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். பெண்ணையும் வீட்டையும் பார்க்க வந்தவர்கள் எங்கள் வேனைத்தான் பிடித்தார்கள். பையனின் உம்மா, அவருடைய தம்பி, இன்னும் இரண்டு பெண்கள். உம்மா கணவனை இழந்தவர், அதிகம் கதைக்காதவர். கதைப்பது முழுக்க அந்தத் தம்பிதான்.

தேத்தண்ணி குடித்தார்கள். பெண்ணைப் பார்த்தார்கள். பையனின் உம்மா முகத்தில் திருப்தி தெரிந்தது. பிறகு அவர் எழுந்து அறைகளைப் பார்க்கப் போனார். நான் முன்கூடத்தில் ஆண்களோடு இருந்தேன். சின்ன வீடுதான், அங்கிருந்தே பின்னறை தெரியும். அவர் பச்சை யன்னலின் முன்னால் நின்றார். கீழ்ச்சட்டத்தில் விளக்கு வைத்துக் கருகிய ஒரு தடம் இருந்தது. அதை விரலால் தடவினார். நெடுநேரம் அந்த விரலை எடுக்கவில்லை.

"தம்பி, இஞ்ச வா" என்று உடன்பிறந்தவரைக் கூப்பிட்டார்.

அவர் போய்ப் பார்த்தார். முகம் மாறிற்று. "இது நம்மட ஊட்டு யன்னல்தானே ராத்தா?" ஓசிக் காக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்கதானே சூறாவளிக்குப் பிறகு மாட்டு வண்டிலோட வந்து கேட்ட ஆள்?"

ஓசிக் காக்கா எழுந்து நின்றார். "ஓம். நான்தான். நீங்க எடு என்டு சொன்னீங்க. எடுத்தன்."

"இந்த யன்னல் இருந்த செவர் விழுந்துதான் என்ட மச்சான் மௌத்தான. ராத்தா இத்தாவில, துக்கம் காத்து ஊட்டுக்குள்ள இருந்தாங்க. கண்ணுல படப்படாது என்டு நான்தான் எடுத்துட்டுப் போகச் சொன்ன."

"அது எனக்குத் தெரியாது" என்றார் ஓசிக் காக்கா. அவர் குரல் தாழ்ந்ததை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். "மௌத்து நடந்த ஊடு என்டு தெரிஞ்சிருந்தா அந்த வாசலுக்கு வந்திருக்கமாட்டன்."

தம்பிக்காரர் கேட்கிற நிலையில் இல்லை. "ராத்தா, வாங்க போவம். ஓசிக் காக்கா, ஓசிக் காக்கா என்டு ஊரெல்லாம் சொல்லக்குள்ள நான் பெரிசா எடுக்கல்ல. மௌத்து ஊட்டு யன்னலயும் ஓசியில வாங்கின மனிசன்ட ஊட்டுலயா நம்மட புள்ள வந்து இருக்கப் போறான்?"

தம்பிக்காரர் வாசல் பக்கம் திரும்பினார்.

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது. அழுகை இல்லாத குரல்.

"வாப்பா, அந்த யன்னலக் கழட்டிக் குடுங்க."

அவர் மகளின் பக்கம் ஒருமுறை பார்த்தார். பின்கதவால் போய், குழி தோண்டும் இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்தார். பெண்கள் ஒதுங்கினார்கள். அலவாங்கின் நுனியைச் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளினார். சீமெந்துப் பூச்சு பெயர்ந்து தரையில் விழுந்தது. அது எத்தனை வளவில் எத்தனை சட்டி ஏந்திச் சேர்த்த சீமெந்து என்று எனக்குத் தெரியும். இரண்டாவது தடவை அலவாங்கை ஓங்கினார்.

"வைங்க அத" என்றார் பையனின் உம்மா.

அவர் நிறுத்தினார். ஆனால் கையிலிருந்து வைக்கவில்லை.

"வைங்க என்டு சொல்றன். இதக் கழட்டினா என்ட மகனுக்குக் காத்து எங்கால வாற?"

தம்பிக்காரர் "ராத்தா..." என்று தொடங்கினார்.

"நீ சும்மா இரு. உன்ட மச்சான் இந்த யன்னலடியிலதான் குந்தி ஓதுவாரு. நீ தூக்கிக் குடுக்கக்குள்ள என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டியா? நெருப்பில போகாம, கறையான் திங்காம, சாயமும் போகாம வச்சிருக்காரு இந்த மனிசன்." பிறகு திரையைப் பார்த்துச் சொன்னார்: "புள்ள, குடிக்கத் தண்ணி கொஞ்சம் கொண்டு வா."

மகள் தண்ணீரோடு வந்தாள். ஓசிக் காக்கா அலவாங்கைச் சுவரோடு சாத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். நான் போய்ப் பார்த்தபோது வாளி வாளியாக அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

கலியாணம் முடிவானதும் மகள் அவரிடம் ஒரு வாக்கு வாங்கினாள்: இனி யாரிடமும் ஒன்றும் கேட்கக் கூடாது. அவரும் கொடுத்துவிட்டார். பிறகு எங்கள் வேனுக்குக் கைகாட்டுவதை நிறுத்தினார். வெயிலில் நடந்து போவார். நாங்களாக நிறுத்திக் கூப்பிட்டாலும் ஏறமாட்டார். "போங்க தம்பி, புள்ளைக்கு வாக்குக் குடுத்திருக்கன்" என்று கையசைத்து அனுப்பிவிடுவார். கடையில் தேத்தண்ணியை நீட்டினால் ஸலாம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். சந்தியில் அவரைக் கேலி செய்தவர்களுக்கே இது பிடிக்கவில்லை. அந்த மில் முதலாளிகூட என்னிடம் கேட்டார்: "அந்த மனிசனுக்கு என்ன, சுகமில்லியா?"

கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்தான். ஓசிக் காக்கா வளவின் பின்பக்கம் ஒரு சின்னக் குடில் போட்டுக்கொண்டு அதில் இருந்தார்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் நிந்தவூர்ச் சந்தியில் மகள் நின்று வேனை மறித்தாள். பிள்ளைத்தாய்ச்சி. கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். பின்னால் வாப்பா. முதலில் அவள் ஏறினாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஏறினார். வேன் முழுக்க அவரையே பார்த்தது. அவர் சொல்லாமல் ஏறியதை யாரும் அதுவரை கண்டதில்லை.

மகள் முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு பேருக்கும் சேர்த்துக் காசை நீட்டினாள். நான் வாங்கத் தயங்கினேன். வாப்பாவுக்குள்ளதை விட்டுவிட்டு அவளுடையதை மட்டும் எடுக்கப் பார்த்தேன். அவள் கையை மடக்கவில்லை. கொடுத்தே தீருவது என்ற முகம்.

அப்போதுதான் அவர் தலையை நிமிர்த்தினார். பழைய குரல், வேன் முழுக்கக் கேட்கிற குரல்.

"வாங்கு தம்பி, வாங்கு. அது அவள்ட சல்லி. நான் இண்டைக்கும் ஓசிதான்."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த மகள்தான் முதலில் சிரித்தாள்.